சென்னையில் 15.1, நாடு முழுவதும் 2.7: மனச்சோர்வின் பரவலைச் சொல்லும் எண்களில் எதை ஏற்பது?

கேள்வி: சமூகப்பணி முதுகலை மாணவி, மதுரை

அனைவருக்கும் வணக்கம். பரவலாகக் காணப்படும் மனநலக் கோளாறுகளைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். முந்தைய ஆய்வுகளைத் தொகுக்கும் இயலிலேயே நின்றுவிட்டேன், ஏனெனில் படித்த எண்கள் ஒன்றோடொன்று சேரவில்லை.

பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு 34,802 வயதுவந்தோரைச் சந்தித்தது. அவர்களுள் அப்போது மனச்சோர்வு நோயுடன் இருந்தவர்கள் 2.7 விழுக்காடு என்கிறது. 2009இல் வெளியான ஒரு சென்னை ஆய்வு, மாநகராட்சியின் 46 வட்டங்களில் 20 வயதும் அதற்கு மேலும் ஆன 25,455 பேரிடம் கேட்டு 15.1 விழுக்காடு என்கிறது. உலக நோய்ச்சுமை ஆய்வின் இந்தியப் பகுதி, 2017ஆம் ஆண்டுக்கு 4.57 கோடிப் பேர், அதாவது மக்கள்தொகையில் 3.3 விழுக்காடு என்று மதிப்பிடுகிறது. பழைய ஆய்வுகளுக்குப் போனால் இடைவெளி இன்னும் பெரிது. எல்லா மனநோய்களையும் சேர்த்து 1964இல் புதுச்சேரியில் ஆயிரத்துக்கு 9.5 பேர் என்று எழுதியிருக்கிறார்கள். பின்னாளில் வந்த தொகுப்புக் கட்டுரை ஒன்று, இந்திய ஆய்வுகளில் இந்த எண் ஆயிரத்துக்கு 370 வரை போகிறது என்று குறிப்பிடுகிறது.

இவற்றுள் எதை மேற்கோள் காட்டுவது? இரண்டாவதாக, நான் மனச்சோர்வு அறிகுறிகளைக் கேட்டு மதிப்பெண் இடும் பி.எச்.கியூ-9 வினாப்பட்டியலின் தமிழ் வடிவத்தைக் கொண்டு இரண்டு ஊராட்சிகளில் களப்பணி செய்யவிருக்கிறேன். அதில் 10 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் பெறுவோரை "மனச்சோர்வு நோயாளிகள்" என்று எழுதலாமா? எழுதலாம் என்கிறார் என் நெறியாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை.

மறுமொழி 1: மருத்துவப் புள்ளியியலாளர், கோயம்புத்தூர்

உங்கள் தயக்கம் நியாயமானது. 2.7, 15.1 என்ற இரண்டு எண்களில் எதுவும் பொய்யில்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்குக் கிடைத்த விடைகள்.

சென்னை ஆய்வு பயன்படுத்தியது பி.எச்.கியூ-12 என்ற வினாப்பட்டியலை. அறிகுறிகளைக் கேட்டு, கூட்டி, ஒரு வரம்புக்கு மேல் போனால் மனச்சோர்வு என்று கொள்வது அதன் முறை. தேசியக் கணக்கெடுப்பு பயன்படுத்தியது மினி எனப்படும் கட்டமைக்கப்பட்ட நோயறி நேர்காணலை. வகைப்பாட்டு நூலில் உள்ள நிபந்தனைகள் நிறைவேறுகின்றனவா என்று அது வரிசையாகச் சோதிக்கும். முன்னது சல்லடை, பின்னது நோயறிதலுக்கு நெருக்கமான கருவி. பெருநகரத்துக்கும் 12 மாநிலங்களின் கிராமங்களும் நகரங்களும் சேர்ந்த தொகுப்புக்கும் உள்ள வேறுபாடு இதற்கு மேல் சேர்கிறது. உலக நோய்ச்சுமை ஆய்வு தானே வீடு வீடாகச் செல்லவில்லை. கிடைத்த ஆய்வுகளையெல்லாம் ஒரு கணித மாதிரிக்குள் செலுத்தி, குழந்தைகள் உட்பட எல்லா வயதினருக்கும் மதிப்பிடுகிறது. எனவே 3.3 என்பதை மற்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசமாக எண்ணிவிடாதீர்கள்.

சல்லடைக் கருவி ஏன் கூடுதலாகக் காட்டுகிறது என்பதற்கு ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான பகுப்பாய்வின்படி, 10 என்ற வரம்பில் பி.எச்.கியூ-9 நோயுள்ளோரில் 88 விழுக்காட்டினரைச் சரியாகப் பிடிக்கிறது. நோயற்றோரில் 85 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிடுகிறது. கேட்பதற்கு நல்ல கருவி, உண்மையிலும் நல்ல கருவிதான். இப்போது உங்கள் ஊராட்சியில் ஆயிரம் பேரில் 50 பேருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 50 பேரில் 44 பேர் பிடிபடுவார்கள். நோயற்ற 950 பேரில் 15 விழுக்காட்டினர், ஏறத்தாழ 142 பேர், அவர்களோடு சேர்ந்து வந்துவிடுவார்கள். நீங்கள் 186 பேரை எண்ணி 18.6 விழுக்காடு என்று எழுதுவீர்கள், உண்மை 5. நீங்கள் "நோயாளிகள்" என்று பெயரிட்ட நால்வரில் ஒருவருக்குக்கூட நோய் உறுதியாகாது.

அதே கருவியை, பத்தில் மூவருக்கு நோய் இருக்கும் ஒரு மருத்துவமனைப் பிரிவில் பயன்படுத்தினால், வரம்பைத் தாண்டுவோரில் பத்தில் ஏழு பேருக்கு உண்மையில் நோய் இருக்கும். கருவி மாறவில்லை, அதைப் பிடித்துக்கொண்டு எங்கே நிற்கிறோம் என்பதுதான் மாறுகிறது. ஊருக்குள் பரவலைக் கணக்கிட அதைத் தனியாகப் பயன்படுத்துவது பொருந்தாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே. 2020இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு இதை நேரடியாகவே அளந்தது. ஒரே ஆட்களிடம் பி.எச்.கியூ-9 24.6 விழுக்காடு காட்டிய இடத்தில், பயிற்சி பெற்றவர் நடத்திய நோயறி நேர்காணல் 12.1 விழுக்காடுதான் காட்டியது.

மறுமொழி 2: மனநல மருத்துவர், அரசு மருத்துவமனை

புள்ளியியலாளர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதைப் படிக்கிறவர்கள் "அப்படியானால் 2.7தான் மெய்" என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நேர்காணல் கருவியும் தவறும், அது எதிர்த் திசையில் தவறும்.

நோயறிதலுக்கான நிபந்தனைகளை முதலில் பார்ப்போம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலான டி.எஸ்.எம்-5 ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது. அவற்றில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரங்களுக்கு, கிட்டத்தட்ட நாள்தோறும் இருக்க வேண்டும். அந்த ஐந்தில் ஒன்று மனம் சோர்ந்திருத்தலாகவோ எதிலும் ஈடுபாடு அற்றுப்போதலாகவோ இருந்தாக வேண்டும். வாழ்க்கை நடத்துவதில் கணிசமான பாதிப்போ வேதனையோ இருக்க வேண்டும். வேறு உடல்நோயோ போதைப்பொருளோ அதற்குக் காரணமாக இருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடான, 2022 முதல் நடைமுறையில் உள்ள ஐ.சி.டி-11 நம்பிக்கையின்மையையும் சேர்த்துப் பத்து அறிகுறிகளாக்கியிருக்கிறது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவும், மனநோயைத் தீர்மானிக்கும்போது ஐ.சி.டி போன்ற ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களைப் பின்பற்றும்படி சொல்கிறது.

இனி பி.எச்.கியூ-9ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். இரத்தசோகையோடு அறுவடைக்குப் போய்வரும் ஒரு பெண்மணி களைப்புக்கு 3, தூக்கமின்மைக்கு 3, பசியின்மைக்கு 2, கவனம் நிலைக்காமைக்கு 2 பெற்றால் கூட்டுத்தொகை 10. முதன்மையான முதல் இரண்டு கேள்விகளுக்கும் அவர் "இல்லவே இல்லை" என்று சொல்லியிருந்தாலும் உங்கள் பட்டியலில் வந்துவிடுவார், டி.எஸ்.எம்-5இன்படி அவருக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாகச் சொல்ல முடியாது.

மினி நேர்காணலில் நடப்பது இதற்கு நேர்மாறு. அந்த முதன்மையான இரண்டு கேள்விகளும் வாயிற்கதவுபோல முன்னால் நிற்கின்றன. இரண்டுக்கும் "இல்லை" என்றால், மனச்சோர்வுப் பகுதியை அத்தோடு விட்டுவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுவார்கள். வீட்டுத் திண்ணையில், மாமியாரும் பக்கத்து வீட்டுக்காரரும் காதில் விழும் தொலைவில் இருக்கும்போது, முன்பின் தெரியாத ஒருவர் கேட்டதும் "ஆமாம்" என்று சொல்லிவிடுவார்களா?

என் புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோரில் பலர், உள்ளங்கால் எரிச்சல், பின்கழுத்து வலி, படபடப்பு என்று பொது மருத்துவப் பிரிவில் மாதக்கணக்கில் சீட்டு வாங்கி அலைந்த பிறகே அனுப்பப்படுகிறார்கள். "மனம் சோர்வாக இருக்கிறதா?" என்று கேட்டால் உடனே "அதெல்லாம் ஒன்றும் இல்லை, இந்த எரிச்சல் நின்றால் போதும்" என்கிறார்கள். நான் அங்கே நிறுத்துவதில்லை. ஆடிக்கு அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றப் போவீர்களா, இந்த ஆண்டு போனீர்களா. பேரன் வந்தால் தூக்கி வைத்துக்கொள்ளத் தோன்றுகிறதா. விடியற்காலையில் எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, வந்தால் என்ன நினைவு ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்கும்போது, முதல் கேள்விக்கு வராத விடை நாலாவது ஐந்தாவது கேள்வியில் கண்ணீரோடு வருகிறது. அதன் பிறகும் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும். இதற்கு முன் எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகமும் தூக்கமே தேவைப்படாத நாட்களும் இருந்தனவா என்று கேட்க வேண்டும். இருந்திருந்தால் நோயின் பெயரும் மருந்தும் மாறிவிடும்.

இதை நம் மக்களின் தனிக்குணம் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. 14 நாடுகளின் பொது மருத்துவ நிலையங்களில் உலக சுகாதார நிறுவனம் சேகரித்த தரவுகளைக் கொண்டு 1999இல் வெளிவந்த கட்டுரையில், மனச்சோர்வு நோய் உறுதியான 1,146 பேரில் 69 விழுக்காட்டினர் மருத்துவரிடம் உடல் தொந்தரவுகளை மட்டுமே சொல்லிக்கொண்டு வந்தவர்கள். நேராகக் கேட்டபோதும் மன அறிகுறிகளை மறுத்தவர்கள் 11 விழுக்காடு.

ஆகவே வினாப்பட்டியல் கூட்டிக் காட்டுகிறது, வாயிற்கதவுபோன்ற கேள்விகளோடு தொடங்கும் நேர்காணல் குறைத்துக் காட்டுகிறது. இரண்டையும், எந்தத் திசையில் பிழைபடும் என்ற குறிப்போடு அருகருகே எழுதுங்கள்.

மறுமொழி 3: உளசமூகப் பணியாளர், யாழ்ப்பாணம்

அன்புள்ள சகோதரிக்கு, எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்றையும் உங்கள் இயலில் சேர்த்துக்கொள்ளலாம். யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது. அதே ஆண்டு யூலை முதல் செப்டெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் 1,517 வீடுகளைத் தெரிவுசெய்து நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகள் 7 வீதம் (விழுக்காடு), பதகளிப்பின் (மனப்பதற்றத்தின்) அறிகுறிகள் 32.6 வீதம், மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதம். அந்நேரத்திலும் இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களிடம் அவை முறையே 13, 48.5, 41.8 வீதம்.

அக்கட்டுரை ஒவ்வொரு இடத்திலும் "அறிகுறிகள்" என்றுதான் எழுதுகிறது. பதகளிப்பையும் மனச்சோர்வையும் அளக்க 25 கேள்விகள் கொண்ட ஒரு வினாக்கொத்தையே பயன்படுத்தினார்கள். வைத்தியர் ஒவ்வொருவரையும் இருந்து பார்த்துச் செய்த நோய்நிர்ணயம் அன்று. ஆனால் பிறகு வந்த அறிக்கைகளும் கருத்தரங்கப் பேச்சுகளும் அச்சொல்லை விட்டுவிட்டன. "யாழ்ப்பாணத்தில் மூன்றில் ஒருவர் மனநோயாளி" என்று பேசத் தொடங்கினார்கள். காணாமற்போன மகனைத் தேடிக்கொண்டிருக்கும் தாய் ஒருவர் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, எதிர்காலத்தைப் பற்றி நம்பிக்கையில்லை என்று விடையளித்தால், அந்த வினாக்கொத்து அவருடைய துக்கத்தையும் நோயையும் பிரித்துக் காட்டாது. அவருக்கு நோயும் இருக்கலாம். அதை அறியப் பலமுறை போய், ஆறுதலாக இருந்து கதைக்க வேண்டும்.

எனினும் இந்த எண்களைப் புறந்தள்ளுமாறு நான் சொல்லவில்லை. இடம்பெயர்ந்திருந்தவர்களின் வீதம் மற்றவர்களைவிட எவ்வளவு கூடுதலாக இருக்கிறது என்பதைப் பாருங்கள். ஒரே கருவியால் ஒரே காலத்தில் இரு பகுதியினரை அளக்கும்போது அந்த வேறுபாடு பெறுமதியானது. எங்கே முதலில் ஆளனுப்ப வேண்டும் என்பதை அது சொல்லித்தருகிறது.

மறுமொழி 4: ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

இந்த விவாதத்தை மரியாதையோடு படித்துவருகிறேன். ஓர் ஐயம். வறுமையும் கடனும் குடிகாரக் கணவனும் இருக்கும் வீட்டில் ஒரு பெண் சோர்ந்திருப்பது நோயா? அதற்கு நோய்ப் பெயர் சூட்டி மாத்திரை கொடுப்பதற்காகத்தான் இத்தனை கணக்கெடுப்புகளா? மேலும், இரண்டு மருத்துவர்கள் ஒரே ஆளைப் பார்த்து ஒரே முடிவுக்கு வருகிறார்களா என்பதும் எனக்குத் தெரிய வேண்டும்.

மறுமொழி 5: மனநல மருத்துவர், அரசு மருத்துவமனை

ஐயா, இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனெனில் எங்கள் துறையே அதைக் கேட்டுக்கொண்டு அதிர்ந்திருக்கிறது. 1960களில் நியூயார்க் மருத்துவமனைகளில் மனச்சிதைவு நோய் இலண்டனைவிடப் பன்மடங்கு கூடுதலாகப் பதிவானது. ஒரே நேர்காணல் முறையில் பயிற்சி பெற்ற ஆய்வுக் குழு இரு நகரங்களின் நோயாளிகளையும் பார்த்தபோது அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி மறைந்துபோனது. வேறுபட்டவர்கள் நோயாளிகள் அல்லர், மருத்துவர்கள். 1980இல் வந்த டி.எஸ்.எம்-3 நிபந்தனைகளை வெளிப்படையாக எழுதிவைத்ததற்கு இது முக்கியத் தூண்டுதல்களில் ஒன்று.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. டி.எஸ்.எம்-5க்காக நடந்த களச்சோதனையில் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே ஒரே நோயாளியைப் பார்த்தபோது கிடைத்த உடன்பாட்டுக் குறியீடு, மனவடு நோய்க்கு 0.67, மனச்சோர்வு நோய்க்கு வெறும் 0.28. தற்செயலாக ஒத்துப்போவதை 0 என்றும் முழு உடன்பாட்டை 1 என்றும் கொள்ளும் அளவு அது. கடுமையான மனச்சோர்வை அடையாளம் காண்பதில் எங்களுக்குள் அதிகக் கருத்துவேறுபாடு எழுவதில்லை. இலேசான நிலையில், துயரம் எங்கே முடிந்து நோய் எங்கே தொடங்குகிறது என்னும் எல்லையில்தான் வேறுபடுகிறோம். பரவல் எண்களும் அந்த எல்லையை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்தே ஏறி இறங்குகின்றன.

உங்கள் முதல் கேள்வி என்னை ஒவ்வொரு நாளும் துளைக்கிறது. மாணவி குறிப்பிட்ட சென்னை ஆய்விலேயே குறைந்த வருமானப் பிரிவில் 19.3 விழுக்காடு, உயர்ந்த வருமானப் பிரிவில் 5.9 விழுக்காடு என்று இருக்கிறது. வறுமைக்கு மாத்திரை இல்லை. ஆனால் காரணம் வறுமை என்பதாலேயே அது நோயில்லை என்று சொல்லிவிட்டால், காசநோயைப் பற்றியும் அப்படியே சொல்ல வேண்டிவரும். எழுந்து சமைக்க முடியாமல், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப முடியாமல், சாவைப் பற்றியே எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவருக்குக் கடன் தீரும்வரை காத்திருங்கள் என்று என்னால் சொல்ல இயலாது. பொதுவாக இலேசான நிலையில் மாத்திரையைவிடப் பேச்சுவழிச் சிகிச்சையும் சமூக உதவியும்தான் முதலில் வர வேண்டும். அந்த உதவியைச் செய்யப் போதிய ஆட்கள் இல்லை என்பது வேறு வேதனை. தேசியக் கணக்கெடுப்பின்படி, நோய்க்கு நோய் வேறுபட்டாலும், 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை.

மாணவி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் ஓர் ஐயம் உண்டு. தேசியக் கணக்கெடுப்பு, வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வு நோய் வந்தவர்கள் 5.2 விழுக்காடு என்கிறது. தற்போதைய நிலை 2.7 என்றால் வாழ்நாள் எண் ஏன் அதைப் போல இரு மடங்குக்குள்ளேயே இருக்கிறது? வந்து போகும் நோய் என்றால் இன்னும் பல மடங்கு இருக்க வேண்டாமா?

மறுமொழி 6: மருத்துவப் புள்ளியியலாளர், கோயம்புத்தூர்

மிக நல்ல கேள்வி. மக்கள் மறந்துவிடுகிறார்கள். பத்தாண்டுகளுக்கு முன் இரண்டு மாதம் வாட்டிய ஒரு நிலையை, இன்று நன்றாக இருக்கும் ஒருவர் "அப்போது உடம்பு சரியில்லை" என்றே நினைவில் வைத்திருப்பார். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த ஏறத்தாழ ஆயிரம் பேரைப் பிறப்பு முதல் தொடர்ந்து, வளர்ந்தபின் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நேர்காணல் செய்துவருகிறார்கள். அவர்களில் 32 வயதுக்குள் ஒருமுறையேனும் மனச்சோர்வு நோய்க்கான நிபந்தனைகளை நிறைவு செய்தவர்கள் 41 விழுக்காடு. ஒரே ஒருமுறை சந்தித்து "எப்போதாவது இருந்ததா?" என்று கேட்ட பெரிய கணக்கெடுப்புகள் காட்டியதைப் போல அது ஏறத்தாழ இரு மடங்கு. எனவே 5.2 என்பதைக் குறைந்தபட்ச எண்ணாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் களப்பணிக்கு என் யோசனை இது. பி.எச்.கியூ-9ஐ முதல் கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். 10 அல்லது அதற்கு மேல் வந்த எல்லோரையும், 10க்குக் கீழே இருப்போரில் சமவாய்ப்பு முறையில் தேர்ந்த ஒரு பகுதியினரையும், முதல் மதிப்பெண்ணை அறியாத பயிற்சி பெற்ற ஒருவர் இரண்டாம் கட்டமாக நேர்காணல் செய்யட்டும். கீழே இருப்போரை விட்டுவிட்டால், கருவி தவறவிட்டவர்கள் எத்தனை பேர் என்பது ஒருபோதும் தெரியாது. இரண்டாம் கட்டத்துக்கு ஆள் கிடைக்காவிட்டால், "மனச்சோர்வு அறிகுறிகள் வரம்புக்கு மேல் இருந்தோர்" என்றே தலைப்பு முதல் முடிவுரை வரை எழுதுங்கள். யாழ்ப்பாண நண்பர் சொன்னதை நெறியாளரிடம் காட்டினால் அவரும் ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

மறுமொழி 7: மனநல மருத்துவர், அரசு மருத்துவமனை

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பி.எச்.கியூ-9இன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணத்தையும் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் பற்றியது. அதற்கு 0 தவிர எந்த விடை வந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும், அவரிடம் அன்றே தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடக் கூடாது. ஊருக்குள் போகும் முன்பே, எந்த மருத்துவரிடம் அனுப்புவது, யார் கூடப் போவது, அவசரத்துக்கு எந்த வண்டி என்பதை எழுதி, மாவட்ட மனநலத் திட்டக் குழுவிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸின் உதவி எண் 14416ஐ ஒரு சிறு அட்டையில் அச்சிட்டு, மதிப்பெண் எதுவானாலும் ஒவ்வொரு வீட்டிலும் கொடுங்கள். யாரோ ஒருவருக்கு மட்டும் கொடுத்தால், அந்த வீட்டைத் தெருவே திரும்பிப் பார்க்கும்.